ஆவணி முதல் ஐப்பசி வரை: கோடியக்கரைக்கு வரும் பறவைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேதாரண்யம் பக்கம் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நடந்தால் நாலு பேர் நிறுத்திப் பேசுவார்கள். திருத்துறைப்பூண்டி பஸ்ஸில், உப்பளத்து வரப்பில், சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் என்று பல வருடமாக என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எல்லாமே காவிரிப் படுகைக்கு வலசை வரும் பறவைகளைப் பற்றியவை, குறிப்பாக மழை இறங்குவதற்கு முன்னும் இறங்கும் சமயத்திலும் வருகிறவை.

பறவைகள் எப்போது வரும்? பொங்கல் லீவில் வந்தால் போதுமா?

பொங்கலுக்கு வந்தாலும் பறவை இருக்கும், நிறையவே இருக்கும். ஆனால் அவை வந்து சேர்வதைப் பார்க்க ஆசை இருந்தால் ஆவணியிலேயே வந்துவிடுங்கள். கோடியக்கரைக்கு முதல் உள்ளான்கள் (சேற்றோரம் குத்தித் தின்னும் சிறு கரைப்பறவைகள்) ஆடி கடைசியிலேயே வந்து இறங்கிவிடும். வெயில் மண்டையைப் பிளக்கும், சதுப்பு பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். 'வெளிநாட்டுப் பறவை இப்போ எங்கே' என்று ஊரில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே உப்பளத்துத் தண்ணீர் ஓரத்தில் அவை மேய்ந்துகொண்டிருக்கும்.

வளைமூக்கு உள்ளானை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்க்டிக் சைபீரியாவின் மரமில்லாத துந்திர வெளியில் ஜூன் மாதம் முட்டையிடுகிறது. பெண் அடைகாக்க உட்கார்ந்ததும் ஆணுக்கு அங்கே வேலை முடிந்தது. ஜூலை தொடக்கத்திலேயே அது தெற்கே கிளம்பிவிடும். பெண், குஞ்சுகள் ஓரளவு தேறியதும் கிளம்பும். குஞ்சுகள் கடைசியில், பெரியவர்கள் யாரும் கூட இல்லாமல், தாங்களாகவே கிளம்பும். இந்த மூன்று புறப்பாட்டையும் கோடியக்கரையில் நின்றபடியே பார்த்துவிடலாம். ஆகஸ்டில் வருகிறவற்றின் வயிற்றில் செங்கல் நிறம் திட்டுத் திட்டாக மிச்சம் இருக்கும், சாயம் போன காவி வேட்டி மாதிரி. அது இனப்பெருக்கக் காலத்து உடுப்பு. செப்டம்பர், அக்டோபரில் வருகிறவற்றில் முதுகு இறகு ஒவ்வொன்றுக்கும் வெளிர் விளிம்பு கட்டி, புதுத்துணி போட்டதுபோல் சிலது இருக்கும். அவைதான் அந்த வருடத்துக் குஞ்சுகள். பொங்கலுக்குள் எல்லாமே ஒரே சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும், பிறகு யார் பெரியவர், யார் குஞ்சு என்று பிரிப்பது கஷ்டம்.

வாத்துகள் ஐப்பசியில்தான். சோழகக் காற்று ஓய்ந்து வாடை திரும்பி, முதல் நல்ல மழை பெய்து தண்ணீர் நின்றதும் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் எல்லாம் வரும். திரும்பிப் போவது பங்குனி, சித்திரையில்.

கடற்கரை எல்லா ஊரிலும்தானே இருக்கிறது? கோடியக்கரையில் மட்டும் என்ன விசேஷம்?

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். சென்னையிலிருந்து நேராகத் தெற்கே இறங்கி வரும் கரை கோடியக்கரையில் சட்டென்று மேற்கே மடங்குகிறது. கிழக்கே வங்கக்கடல், தெற்கே பாக் நீரிணை, வடமேற்கே சதுப்பும் உப்பளமும். மழைக்காலத்தில் வேதாரண்யத்திலிருந்து வரும் தார்ச்சாலையை மறந்துவிட்டுப் பார்த்தால் ஏறக்குறைய அது ஒரு தீவு. 'கோடி' என்ற பெயரிலேயே எல்லாம் இருக்கிறது.

கரையோரமாகவே தெற்கே பறந்து வரும் பறவைக்கு இங்கே வந்ததும் முன்னால் தண்ணீர்தான் தெரியும். யாழ்ப்பாணக் கரை ஐம்பது அறுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சில பறவைகள் அப்படியே கடந்துவிடும். பல இறங்கி, தின்று, உடம்பைத் தேற்றிக்கொண்டுதான் கிளம்பும். இன்னும் பல இங்கேயே தங்கிவிடும். அதனால்தான் மற்ற கரையில் பத்து கிலோமீட்டர் தூரத்துக்குச் சிதறிக் கிடக்கும் பறவைகள் இங்கே ஒரே இடத்தில் குவிகின்றன.

உலகம் முழுக்க வலசையைக் கவனிப்பவர்கள் முனைகளையும் தனித்தீவுகளையும் தேடிப் போவதற்கும் காரணம் இதுதான். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஃபேர் ஐல் என்று 5 கிலோமீட்டர் நீளம்கூட இல்லாத ஒரு தீவு இருக்கிறது. 1948 முதல் அங்கே பறவை நோக்கு நிலையம் நடக்கிறது. ஜெர்மனியின் ஹெலிகோலாந்து தீவில் 1910 முதல். இலையுதிர் காலத்தில் காற்று திசை மாறி அடித்தால், சைபீரியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியாவுக்குப் போக வேண்டிய சிறு குருவிகூட அந்தத் தீவுகளில் வந்து விழும். கடல் நடுவில் களைத்த பறவைக்குக் கண்ணில் பட்ட முதல் தரைதான் கதி. தீவும் சின்னது என்பதால் வந்து இறங்கியது ஆள் கண்ணில் படாமல் போகாது.

கோடியக்கரையில் பழைய கலங்கரை விளக்கம் ஒன்று இருந்தது. சோழர் காலத்தது என்பார்கள். அதில் எஞ்சியிருந்ததும் 2004 சுனாமியில் விழுந்துவிட்டது. கப்பல்காரர்கள் இந்த முனையை அடையாளம் வைத்திருந்தார்கள் என்றால் பறவைகள் அவர்களுக்கு முன்பே வைத்திருந்திருக்கும்.

கோடியக்கரை தவிர வேறு எங்கே பார்க்கலாம்?

படுகை முழுக்கப் பார்க்கலாம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்கு ஜாம்பவானோடையிலிருந்து வனத்துறைப் படகில் போனால், காயலுக்குள் சின்னச் சின்னச் சேற்றுத் திட்டுகள் வரும். நீர் வற்றும் நேரத்தில் அந்தத் திட்டுகளில் ஆலாக்களும் கோட்டான்களும் வரிசையாக நிற்கும். (கோட்டான் என்றதும் ஆந்தையை நினைக்காதீர்கள். நீண்டு கீழ்நோக்கி வளைந்த அலகுடைய கரைப்பறவைக்கும் அதே பெயர்தான்.) கொள்ளிடம் கடலில் சேரும் பழையாறு முகத்துவாரம் இன்னொரு நல்ல இடம். அங்கே ஆள் அரவமும் குறைவு.

உள்ளே வந்தால் ஏரிகள். வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தன. கொள்ளிடத்துக்கு வடக்கே அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி 2024இல் சேர்ந்தது. கோடியக்கரை 2002இலேயே சேர்ந்துவிட்டது. ஏரிகளில் தண்ணீர் ஏறுவதைப் பொறுத்துத்தான் வாத்துகள் வரும். மேட்டூர் திறப்பு தள்ளிப்போன வருடங்களில் கடைமடை எப்படிக் காய்கிறதோ அப்படியே ஏரியும் காயும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் சம்பா நடவு வயல். அதற்கு டிக்கெட்டும் இல்லை, அனுமதியும் வேண்டாம். நடவு முடிந்து தண்ணீர் நிற்கும் வயலில் பொரி உள்ளான் வாலை ஆட்டி ஆட்டி நடக்கும். ஆள் வருவது தெரிந்ததும் கீச்சென்று கத்திக்கொண்டு எழும்பும்போது முதுகின் அடியில் ஒரு வெள்ளைத் திட்டு தெரியும். வரப்பில் மஞ்சள் வாலாட்டி. இரண்டுமே இமயத்துக்கு அப்பாலிருந்து வந்தவை. நடவு ஆட்கள் தினமும் பார்க்கிறார்கள். இது அவ்வளவு தூரத்திலிருந்து வந்தது என்று சொன்னால் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள்.

வெளிநாட்டுப் பறவைகள் இங்கே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கத்தானே வருகின்றன?

இல்லை. செய்தித்தாளில்கூட அப்படித்தான் எழுதுகிறார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். வடக்கிலிருந்து வருகிறவை தங்கள் ஊரில் முட்டையிட்டு முடித்துவிட்டு, குளிரும் பசியும் வருமுன் இங்கே வருகின்றன. இங்கே அவற்றுக்குச் சாப்பாடும் ஓய்வும்தான். உதயமார்த்தாண்டபுரத்திலும் வடுவூரிலும் மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு வளர்ப்பவை நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், நீர்க்காகம், கொக்கு வகைகள். அவை நம் நாட்டுப் பறவைகளே. மழை எங்கே, நத்தை எங்கே என்று பார்த்து ஊர் விட்டு ஊர் போகும், கடல் கடந்து போவதில்லை.

சரி, ஜூன் மாதம் கோடியக்கரையில் உள்ளான் நிற்கிறதே என்று கேட்டால், அது பெரும்பாலும் இளசு. முதல் வருடம் வடக்கே திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்டது.

எல்லா உள்ளானும் ஒரே மாதிரி இருக்கிறதே, எப்படிப் பிரிப்பது?

எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் இருக்கும். நிறத்தை விடுங்கள். அளவு, அலகு, நடை, இந்த மூன்றையும் பாருங்கள்.

கொசு உள்ளான் சிட்டுக்குருவி அளவுதான், 20, 25 கிராம் இருந்தால் அதிகம். அலகு குட்டை. தையல் மிஷின் ஊசி மாதிரி சேற்றைக் குத்திக்கொண்டே ஓடும், நிற்கவே நிற்காது. வளைமூக்கு உள்ளான் அதைவிடப் பெரிது, அலகு நுனி கீழே வளையும், வயிறு நனையும் வரை தண்ணீரில் இறங்கும். உப்புக்கொத்திக்கு அலகும் சின்னது, கழுத்தும் சின்னது, கண் பெரிது. அது குத்திக்கொண்டே போகாது. நாலடி ஓடும், நிற்கும், உற்றுப் பார்க்கும், குனிந்து கொத்தும், திரும்ப ஓடும். பவளக்காலிக்குக் கால் ஆரஞ்சுச் சிவப்பு, பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பு வெள்ளையாகத் தெரியும். உப்பளத்தில் ஆள் நுழைந்ததும் முதலில் கத்தி ஊரைக் கூட்டுவது அதுதான். கருவால் மூக்கனுக்கு நீண்ட நேர் அலகு. முகம் மறையும் அளவுக்கு அலகைச் சேற்றில் செருகும்.

ஒரு முறை உப்பளப் பாத்தி வரப்பின் பின்னால் படுத்துக்கொண்டு கொசு உள்ளான் ஒன்றைப் பத்தடி தூரத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்கால வெளிச்சம். ஒவ்வொரு குத்துக்கும் அலகு நுனியில் ஒரு சொட்டு உப்புத்தண்ணீர் தொங்கி உதிர்ந்தது. கால் நகத்தில் ஒட்டிய சேறு காய்ந்து வெளுத்திருந்தது. கட்டைவிரல் நீளத்துக்கு மேல் இல்லாத அந்த நெஞ்சுக்குள்தான் சைபீரியாவிலிருந்து இங்கே வந்து சேரும் பலம் இருந்தது. அன்றைக்கு வேறு எதையும் பார்க்காமல் வீடு திரும்பினேன்.

முதல் வருடம் இந்த ஐந்தையும் உறுதியாகச் சொல்ல வந்தாலே போதும்.

ராத்திரி மழையில் வீட்டுக்குள் பல நிறத்தில் ஒரு பறவை வந்து விழுந்துவிட்டது. என்ன செய்வது?

ஐப்பசியில் எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பாதி இதுதான். முதுகு பச்சை, நெஞ்சு மங்கிய மஞ்சள், வால் அடியில் குங்குமச் சிவப்பு, கண்ணைச் சுற்றி அகலக் கறுப்புப் பட்டை, இறக்கையில் ஒரு நீலப் பளபளப்பு, வால் கட்டை. அப்படி இருந்தால் அது ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். காலை ஆறு, மாலை ஆறு வாக்கில் கத்துவதால் அந்தப் பெயர். இமய அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் முட்டையிட்டுவிட்டு, தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வருகிறது. ராத்திரியில் பறக்கும். மழையில் நனைந்து களைத்துப்போய், விளக்கு வெளிச்சத்தைப் பார்த்துக் குழம்பிக் கூடத்துக்குள்ளும் சமையலறைக்குள்ளும் வந்துவிடும்.

பதறாதீர்கள். மின்விசிறியை முதலில் நிறுத்துங்கள், நிறையப் பறவை அதில்தான் சாகிறது. பூனையைக் கட்டுங்கள். மெல்லிய துண்டைப் போட்டு மெதுவாக எடுத்து, காற்றோட்டத்துக்கு ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து மூடி, இருட்டாக, சத்தமில்லாத இடத்தில் விட்டுவிடுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். சோறு போட வேண்டாம், அது தின்னாது. குழந்தைகள் ஆளுக்கு ஒரு தடவை தொட்டுப் பார்க்கட்டும் என்று விடாதீர்கள். விடிந்து மழை நின்றதும் செடி கொடி அடர்ந்த இடத்தில் பெட்டியைத் தரையில் வைத்துத் திறந்துவிட்டால் போதும். பெரும்பாலும் தானே குதித்து உள்ளே போய்விடும். இறக்கை தொங்கினாலோ ரத்தம் இருந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். பிறகு கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிடுங்கள்.

இவ்வளவு தூரம் வழி தவறாமல் எப்படி வருகின்றன?

சூரியன், நட்சத்திரம், பூமியின் காந்தப்புலம், பழகிய கரைக்கோடு என்று பல வழிகளைச் சேர்த்துப் பயன்படுத்துகின்றன. கிளம்புமுன் வயிறு முட்டத் தின்று கொழுப்பை ஏற்றிக்கொள்ளும். சில உள்ளான்கள் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கும். 2022 அக்டோபரில் பட்டைவால் மூக்கன் ஒன்று, அந்த வருடத்துக் குஞ்சு, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை எங்கும் இறங்காமல் 11 நாளில் பறந்தது. முதுகில் பொருத்திய கருவி காட்டிய கணக்கு அது. வழிகாட்ட அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை.

பூநாரை பார்க்க எந்த மாதம்?

நவம்பருக்குப் பிறகு வாய்ப்பு அதிகம். ஆனால் இன்ன தேதி என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். மழை கொட்டித் தீர்த்து சதுப்பில் தண்ணீர் ஆழமாகிவிட்டால் பூநாரை ஆழம் குறைந்த இடம் தேடித் தள்ளிப் போய்விடும். தண்ணீர் வற்ற வற்றக் கரைக்குப் பக்கமாக வரும். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்துத் தண்ணீரை வடிகட்டித் தின்னும். இந்தியாவில் இவை பெருங்கூட்டமாக முட்டையிடும் இடம் குஜராத்தின் கட்ச் ரண். ஒரு வேண்டுகோள்: பறக்க வைத்துப் படம் எடுக்கக் கல்லெறியாதீர்கள், ட்ரோன் விடாதீர்கள். ஒவ்வொரு எழும்பலுக்கும் அவை சேர்த்த கொழுப்பு கரைகிறது.

புயல் அடித்தால் பறவைகள் என்ன ஆகும்?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா இந்தக் கரையைக் கடந்தது. கோடியக்காட்டு மரங்கள் கொத்துக் கொத்தாகச் சாய்ந்தன. வலசைப் பறவைகள் நிறைந்திருக்கும் மாதம் அது. அதன் பிறகு காட்டுக்குள் நடந்தபோது பழம் தின்னும் பறவைகளின் சத்தமே இல்லாத ஒரு வெறுமை இருந்தது. அது இன்னும் என் காதில் இருக்கிறது.

அதேசமயம், நடுக்கடலிலேயே வாழும் ஆலா வகைகளும் ஃபிரிகேட் பறவையும் புயல் தள்ளிக் கரைக்கு வருவதுண்டு. புயல் ஓய்ந்து ஊருக்கு உதவி செய்து முடித்த பிறகு கடற்கரையைப் பாருங்கள். சோர்ந்து கிடப்பதைக் கடலுக்குள் தூக்கி எறியாதீர்கள், நாயிடமிருந்து காப்பாற்றி வனத்துறையிடம் கொடுங்கள்.

அரிய பறவை ஒன்றைப் பார்த்தேன், யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

வருத்தப்படாதீர்கள், நம்பாமல் கேள்வி கேட்பது மரியாதைக்குறைவு இல்லை. பார்த்த இடத்திலேயே, புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே, பார்த்ததை எழுதிவிடுங்கள்: பக்கத்தில் நின்ற தெரிந்த பறவையைவிடப் பெரிதா சின்னதா, அலகு எப்படி, கால் நிறம் என்ன, பறந்தபோது இறக்கையில் கோடு இருந்ததா, எப்படிக் கத்தியது, வெளிச்சம் எந்தப் பக்கம். புத்தகத்தைப் பார்த்துவிட்டு எழுதினால் புத்தகத்தில் இருப்பதைத்தான் எழுதுவோம். எனக்கே அது நடந்திருக்கிறது. மங்கலாக இருந்தாலும் படம் எடுங்கள். அப்புறம் ஈபேர்ட் என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்றினால் அனுபவமுள்ளவர்கள் சரிபார்ப்பார்கள்.

கரண்டி மாதிரி அலகு நுனி கொண்ட கரண்டிமூக்கு உள்ளான் 1980களில் கோடியக்கரையில் பதிவாகியிருக்கிறது. இன்றைக்கு அது உலகத்திலிருந்தே மறையும் நிலையில் இருக்கிறது. அதனால் கொசு உள்ளான் கூட்டத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பது வீண்வேலை அல்ல.

காலில் வளையம் போட்ட பறவை கிடைத்தால்?

உயிரோடு இருந்தால் வளையத்தைக் கழற்றவே கூடாது. எண்ணையும் எழுத்தையும் படம் எடுத்து, இடம், தேதியோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தெரிவியுங்கள். அந்தக் கழகத்தின் பெயரே வளையத்தில் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். வேறு நாட்டு வளையமானாலும் அவர்களிடமே சொல்லலாம். பறவையியலாளர் சாலிம் அலி காலத்திலிருந்து அவர்கள் கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையம் போடுகிறார்கள். எஸ். பாலச்சந்திரன் அந்தப் பணியில் பல பத்தாண்டுகள் உழைத்தவர். செத்த பறவையின் வளையத்தையும், வேட்டையாடியதாகச் சொல்வார்களோ என்று பயந்து மறைக்க வேண்டாம். அந்த எண்தான் அதன் முழுப் பயணத்தையும் சொல்லும்.

முன்பைவிடக் குறைந்துவிட்டதா?

குறைந்துவிட்டது. பெரியவர்கள் 'வானமே மறையும்' என்று சொல்வதை மிகை என்று தள்ள மாட்டேன். வளைமூக்கு உள்ளானை உலகளவிலேயே அபாயப் பட்டியலில் ஒரு படி மேலே 2024 அக்டோபரில் ஏற்றினார்கள். வட துருவத்திலிருந்து வழிநெடுக உள்ள சேற்றுவெளிகள் வரை காரணங்கள் பல. லெம்மிங் என்ற எலி குறைந்த வருடத்தில் அங்கே நரிகள் உள்ளான் குஞ்சுகளைத் தின்றுவிடும், அந்த ஐப்பசியில் இங்கே இளசுகள் குறையும். அது இயற்கையான ஏற்ற இறக்கம். ஆனால் இங்கே சதுப்புக்கு வரும் நன்னீர் குறைவதும், சீமைக்கருவேலம் பரவுவதும், சேற்றில் பிளாஸ்டிக் மிதப்பதும் இயற்கை இல்லை.

உள்ளான் கறி இன்னும் கிடைக்கிறதே?

கிடைக்கிறது, கிடைக்கக் கூடாது. வலை விரித்தும் கண்ணி வைத்தும் பிடிக்கிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம், வாங்குகிறவருக்கும் சேர்த்து. இருபது கிராம் பறவையில் கறி என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். சாலையோரத்தில் கட்டித் தொங்கவிட்டு விற்பதைப் பார்த்தால் சண்டை போடாமல் இடத்தைக் குறித்து வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

எப்படிப் போவது, என்ன எடுத்துப் போவது?

வேதாரண்யத்திலிருந்து பஸ் உண்டு. திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியன்பள்ளிக்கு 2023 முதல் ரயிலும் ஓடுகிறது. சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். விடியற்காலையில் இருங்கள், பத்து மணிக்கு மேல் கானல் எழும்பி எல்லாப் பறவையும் நெளியும். தொப்பி, தண்ணீர், மங்கிய நிறச் சட்டை, ஒரு நோட்டு. எட்டு மடங்கு பைனாகுலர் போதும். சேற்றில் தெரியாத இடத்தில் இறங்காதீர்கள், முழங்காலுக்கு மேல் உள்வாங்கும் இடங்கள் உண்டு. உப்பளத்துக்குள் போவதென்றால் அங்கே வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டுப் போங்கள். எந்தப் பாத்தியில் எது மேய்கிறது என்று அவர்களுக்கே நன்றாகத் தெரியும்.

அவ்வளவு தூரம் வர முடியாது. வீட்டிலிருந்தே ஏதாவது பார்க்க முடியுமா?

முடியும். மன்னார்குடியோ மயிலாடுதுறையோ, மாடிக்குப் போங்கள். ஆவணி, புரட்டாசியில் மின்கம்பியில் தகைவிலான்கள் வரிசையாக உட்காரும். நெற்றியும் தொண்டையும் செந்நிறம், வால் இரண்டாகப் பிளந்திருக்கும். வேலியில் பழுப்புக் கீச்சான் கரகரவென்று கத்தும். முதல் தகைவிலானை எந்தத் தேதியில் பார்த்தீர்கள் என்று காலண்டரில் அந்தக் கட்டத்திலேயே எழுதி வையுங்கள், அடுத்த வருடமும் எழுதுங்கள். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் உங்கள் தெருவையும் சேர்த்துவிடலாம், பதினைந்து நிமிடம் எண்ணினால் போதும்.